உறை கழற்றாத சோபா

எங்கள் வீட்டு சோபா சவுதியின் தம்மாமிலிருந்து கப்பலேறி வந்தது. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு வந்தது, அந்த உறையோடே எங்கள் ஹாலில் குடியேறியது, எனக்குக் கல்யாணப் பேச்சு நடக்கும் இந்த நாள்வரைக்கும் அதே உறையோடுதான் இருக்கிறது. உள்ளே இருக்கும் துணி மெரூன் நிறம் என்பது எங்களுக்கு ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். உட்கார்ந்தால் சரசரக்கும். எழுந்தால் உடுப்போடு ஒட்டிக்கொண்டு, பிரிய மனமில்லாமல் பிரியும். கழற்றிவிடலாமே என்று உம்மா கேட்கும்போதெல்லாம் வாப்பாவுக்கு முகம் சுருங்கிவிடும்.

"அழுக்காயிரும்லா? ஒனக்க மருமவன் வந்து அதுல இருக்கட்டும். அன்னைக்குக் கழத்துவோம்" என்பார்.

என் வாப்பா மைதீன் கனி, சவுதியில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் தேங்காய்ப்பட்டணத்துக்குத் திரும்பியவர். வரும்போது அந்த சோபாவையும், ஹாலில் பாதியை மூடும் ஒரு நைலான் கம்பளத்தையும், விருந்தாளி வந்தால் குளிரில் நடுங்கித்தான் போகவேண்டும் என்ற கொள்கையையும் கொண்டுவந்தார். யாராவது வருகிறார்கள் என்றால் முந்தின நாளே சன்னலையெல்லாம் அடைத்து ஏசியைப் போட்டுவிடுவார். வெளியே கடல்காற்று இலவசமாக வீசிக்கொண்டிருக்கும். உள்ளே நாங்கள் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

என் பெயர் சுல்ஃபியா. இயற்பியலில் பி.எஸ்ஸி. முடித்தவள். குளச்சலிலிருந்து ஹபீபா பீவி என்னைப் பெண் பார்க்க வருவதாகத் தரகர் சொன்னபோது, முகத்தைப் பாவம்போல் வைத்துக்கொண்டு "வாப்பாக்க இஷ்டம்" என்றேன். உள்ளுக்குள் தலைகால் புரியவில்லை. ஹபீபா பீவியின் மகன் ஷமீர் கருங்கலில் மொபைல் கடை வைத்திருக்கிறான். என் போனின் கண்ணாடி அடிக்கடி உடையும். தானாக உடைந்ததும் உண்டு, உடைந்தே ஆகவேண்டும் என்பதால் உடைந்ததும் உண்டு. தரகருக்கு எங்கள் வீட்டு வழியைச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். இது எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது, தெரிந்தால் வீட்டில் குடியிருக்க முடியாது. ஆனால் எனக்கு அவன்தான் வேண்டும். வேறு ஒருத்தனுக்காகப் போன் கண்ணாடி உடைக்க எனக்கு வராது.

அதற்கு ஒரே ஒரு காரியம் நடக்கவேண்டும். மாப்பிள்ளையின் உம்மா என் கையில் ஒரு வளையல் போட்டுவிட வேண்டும். போட்டுவிட்டால் பேச்சு உறுதி.

ஹபீபா மாமி வந்தார். கனத்த உடம்பு, மினுமினுவென்று துபாய் பர்தா, நல்ல குரல். உள்ளே வந்ததும் சோபாவின் நடுவில் சரசரவென்று அமர்ந்தார். கூட வந்தவர் அவருடைய நாத்தனார் மைமூன். இருவரும் ஒருவரை ஒருவர் 'மைனி' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். கூப்பிட்ட விதத்தில்தான் சங்கதி இருந்தது. மைமூன் மாமிக்கு முட்டு வலி. தாழ்ந்த சோபா ஒத்துவராது என்று அடுக்களை வாசல் பக்கம் வெறும் டைல்ஸ் தரையில் மர நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பருத்திச் சேலையைச் சரிசெய்துகொண்டு, குற்றம் கண்டுபிடிக்க வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

நான் டீத்தட்டோடு வெறுங்காலில் வந்து கம்பளத்துக்கு வெளியே நின்றேன். ஹபீபா மாமிக்கு என்னைப் பார்த்ததும் பிடித்துப்போனது, அது முகத்திலேயே தெரிந்தது. தட்டைக் கீழே வைக்கச் சொன்னார்.

"கொள்ளாம். கையக் காட்டு மக்ளே" என்று எழுந்து, கம்பளத்தில் கால் தேய நடந்து வந்து, பையிலிருந்து வளையலை எடுத்து நீட்டினார்.

டப்!

வளையலுக்கும் என் விரலுக்கும் நடுவே நீலமாக ஒரு பொடிப் பொறி. மாமி ஒரு பக்கம் துள்ள, நான் கையை இழுத்துக்கொண்டு மறுபக்கம் துள்ள, வளையல் உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. வாப்பா குடைக்கம்பியை விட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்தார். அதற்குள் மாமி பதறிப்போய் மறுபடி சோபாவில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி எழுந்து வந்தார். இரண்டாவது தடவை முதல் தடவையைவிட நன்றாக அடித்தது.

"யா ரப்பே! இந்தப் பொண்ணுக்கு மேல கரண்டு உண்டு!" என்று மாமி அலறினார்.

"நான் வந்ததுமே நினைச்சேன் மைனி. மூஞ்சில ஒரு மினுக்கம்" என்றார் மைமூன் மாமி.

அடி இரண்டு பேருக்கும்தான் விழுந்தது. என் விரலும்தான் விறுவிறுத்தது. ஹபீபா மாமிக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், விசிறினார்கள், தலையில் கைவைத்து ஓதினார்கள். உனக்கு வலித்ததா என்று என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. வளையல் பைக்குள் போனது, பை காருக்குள் போனது, கார் குளச்சலுக்குப் போனது.

மைமூன் மாமிக்கு ஊரெல்லாம் சொந்தம். மறுநாள் பொழுது சாய்வதற்குள் தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு பெண்ணைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்ற செய்தி குளச்சலைச் சுற்றி இனயம் வழியாக எங்கள் தெருவுக்கே திரும்பி வந்தது. பக்கத்து வீட்டு பேபி அக்கா மதில் வழியாக எட்டிப் பார்த்து, "உள்ளதா பிள்ளே?" என்று விசாரித்தார். கிட்டே வரவில்லை.

ஷமீர் போனில் எழுதியிருந்தான்: "இப்ப ஒனக்கு சார்ஜ் எத்தனை பர்சென்ட்?"

"வெளங்காதவனே, கல்யாணம் முடங்கிக் கிடக்கு" என்று எழுதினேன்.

அடுத்து அவன் எழுதியதில் தமாஷ் இல்லை. "உம்மா இன்னொரு தடவ வருவா. கரண்டு நிக்கல்லேன்னா திருவிதாங்கோட்டுல வேற பொண்ணு பாத்தாச்சுன்னு சொல்லுதா."

வாப்பா கருங்கலிலிருந்து எபிசன் என்ற எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார். அவன் டெஸ்டரைச் சட்டைப் பையிலிருந்து உருவி, "எந்த இடத்துல லீக்கேஜ்?" என்றான். வாப்பா என்னைக் காட்டினார். எபிசன் ஒரு கணம் திகைத்தான். ஆனாலும் கூப்பிட்ட வேலையைச் செய்யாமல் போகிற ஆளில்லை. என்னைச் சுவரோரம் நிற்கவைத்து, டெஸ்டரை என் முழங்கையில் வைத்தான், நெற்றிக்கு அருகே கொண்டுபோனான். லைட் எரியவில்லை.

"லைன் இல்ல. நியூட்ரலாட்டு இருக்கும்" என்றான்.

"அது நல்லதா கெட்டதா?" என்றார் உம்மா.

"சொல்ல முடியாதும்மா. மழக்காலத்துல தெரியும்." பிறகு வாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்குக் கேட்கும்படியே, "ஒண்ணு செய்யுங்க. வாறவிய ரப்பர் செருப்பு போட்டுட்டு வந்து தொடட்டும். ரப்பர் போட்டா ஒரு கரண்டும் ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிவிட்டுப் போனான். வாப்பா அதை அன்றே குளச்சலுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சுவரில் இருக்கும் கரண்டு ஓடிக்கொண்டே இருப்பது, டெஸ்டர் அதற்குத்தான். இது ஓடாமல் உடம்பின் மேல் தேங்கி நிற்கும் மின்சாரம், தொட்டதும் ஒரே பாய்ச்சலில் தீர்ந்துவிடும். சவுதியில் குளிர்காலத்தில் கார் கதவைத் தொட்டால் அடிப்பதும் இதுதான். வாப்பா இன்றைக்கும் எந்தக் கார் கதவையும் முதலில் சாவியால் தொட்டுவிட்டுத்தான் கையால் தொடுவார். அதை அவரிடமே சொன்னேன்.

"போடி! அது சவுதி ஷாக்கு. அவ்வளவு காஞ்ச காத்துலதான் வரும். தேங்காய்ப்பட்டணத்துல துணி காயவே ரெண்டு நாள் ஆகும், இங்க வாறதுக்கு அதுக்கு விசா யாரு குடுத்தா?" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஈரக்காற்றில் அந்த மின்சாரம் நிற்காது, கசிந்து போய்விடும். ஆனால் எங்கள் ஹாலில் காற்று ஏது? ஏசி குடித்து மிச்சம் வைத்ததுதானே. இன்னொன்றும் எனக்கு உறைத்தது. பொறி பறந்தது வளையலுக்கும் என் விரலுக்கும் நடுவில். கரண்டு என்னிடம் இருந்தாலும் பொறி பறக்கும், மாமியிடம் இருந்தாலும் பறக்கும். என்னிடம்தான் இருந்தது என்று முடிவுகட்டியது யார்?

யாரிடம் இருக்கிறது என்று காட்ட நிலைமின்காட்டி என்று ஒரு கருவி உண்டு. எங்கள் கல்லூரியில் அது அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று கேட்டவர்களெல்லாம் பாஸாகிப் போய்விட்டார்கள். ஆனால் செய்வது சுலபம். ஊறுகாய்ப் பாட்டிலைக் கழுவிக் காயவைத்தேன். பிளாஸ்டிக் மூடியில் ஓட்டை போட்டு ஒரு செம்புக் கம்பியை இறக்கி, மேல்முனையை உருண்டையாகச் சுருட்டினேன். கீழ்முனையில் தொங்கவிட, காற்றுப் பட்டாலே நடுங்குகிற மெல்லிய உலோகத் தாள் வேண்டும். வாப்பா பூட்டி வைத்திருக்கும் சவுதி சாக்லேட்டை நினைத்தேன். சுற்றியிருந்த தங்கத் தாளிலிருந்து இரண்டு கீற்று வெட்டித் தொங்கவிட்டேன். சாக்லேட் என்ன ஆனது என்று கேட்பவர்களுக்கு, ஆராய்ச்சியில் அதெல்லாம் செலவுதான்.

கம்பியை மின்சாரம் உள்ள ஆள் தொட்டால் அது இறங்கி இரண்டு கீற்றுகளிலும் ஒரே மாதிரி ஏறும். ஒரே மாதிரி ஏறியவை ஒன்றையொன்று தள்ளும், கீற்றுகள் விரியும். இல்லாத ஆள் தொட்டால் அசையாமல் தொங்கும்.

வராந்தாவில் வைத்துச் சீப்பைத் தலையில் தேய்த்துக் காட்டினேன். அசையவில்லை. கடல்காற்று எல்லாவற்றையும் நக்கிவிட்டது. ஹாலுக்குள் கொண்டுபோய்ச் சன்னலை அடைத்து, ராத்திரி முழுக்க ஏசியை ஓடவிட்டு, காலையில் உம்மாவின் பாலியெஸ்டர் நைட்டியை மாட்டிக்கொண்டு அந்த சோபாவில் உட்கார்ந்து எழுந்து தொட்டேன். கீற்றுகள் குடைபோல் விரிந்தன. நான் கத்தியதில் உம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

"சோபாதான் உம்மா! அந்த உறையில இருந்து எந்திரிச்சா ஏறுது. அன்னைக்கு நான் சோபாவுல இருக்கவேயில்ல. இருந்தது மாமி. கரண்டு அவியளுக்கு!"

உம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "அத அவியட்ட சொல்லிராத" என்றார். "வாப்பா உறையக் கழத்த மாட்டாரு. நான் சன்னலத் திறந்து போடுதேன். காத்து வந்தா அடிக்காதுல்லா? வளையலப் போட்டுட்டுப் போவட்டும். நீ வாய மூடிட்டு நில்லு."

உம்மா சொன்னதில் ஒரு குறையும் இல்லை. அப்படிச் செய்திருந்தால் அரை நிமிடத்தில் காரியம் முடிந்திருக்கும். ஆனால் ஊர் பூராவும் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறது, எபிசன் என் நெற்றியில் டெஸ்டர் வைத்திருக்கிறான். எனக்கு வீம்பு ஏறிவிட்டது. சன்னலைத் திறக்கவிடவில்லை. வாப்பா எனக்கு முன்பே அவற்றை அடைத்துத் தாழ்போட்டிருந்தார், அது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். ஷமீர்தான் காரை ஓட்டிவந்தான், உள்ளே வராமல் முற்றத்தில் நின்றான். ஹபீபா மாமி அதே மினுமினு பர்தாவோடு, காலில் தடித் தடியாக ரெண்டு ரப்பர் செருப்போடு நேரே ஹாலுக்குள் நடந்து வந்தார். எங்கள் பக்கத்தில் யாரும் செருப்போடு வீட்டுக்குள் ஏறமாட்டார்கள். உம்மா வாயைத் திறக்கப் போனார்.

"கழத்த மாட்டேன். கரண்டுக்காரன் சொன்னது" என்று சொல்லிவிட்டு மாமி சோபாவில் அமர்ந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரில் உள்ள கரண்டுக்கு ரப்பர் காவல்தான். ஆனால் இந்தக் கரண்டு உடம்பிலிருந்து தானாக இறங்க ஒரே வழி கால்தான். அந்த வழியையும் மாமி அடைத்துக்கொண்டு வந்திருந்தார்.

மைமூன் மாமி பழைய இடத்தில், அதே டைல்ஸ் தரையில், செருப்பை வாசலில் விட்டுவிட்டு மர நாற்காலியில் உட்கார்ந்தார். நான் டீப்பாயின் மேல் டீத்தட்டோடு பாட்டிலையும் வைத்தேன்.

"இது என்ன மக்ளே, ஊறுகாயா?" என்றார் ஹபீபா மாமி.

"யாருக்கு மேல கரண்டு இருக்குன்னு காட்டும் மாமி. இருந்தா இந்தத் தாள் ரெண்டும் விரியும். பாருங்க, எனக்கு இல்ல" என்று கம்பியைத் தொட்டேன். கீற்றுகள் அசையவில்லை.

"இது என்ன மாய வேலையோ? அவளே செஞ்ச பாட்டிலு அவளுக்குக் காட்டிக் குடுக்குமாக்கும்?" என்றார் மைமூன் மாமி.

"அப்போ நான் தொட்டுப் பாக்கேன்" என்று ஹபீபா மாமி எழுந்தார். சோபா சரசரவென்று விட்டுக்கொடுத்தது. விரலை நீட்டினார். தொடுவதற்கு முன்பே கீற்றுகள் பதறிப் பிரிய ஆரம்பித்தன. கம்பியில் டப் என்று பொறி. இரண்டு கீற்றும் பாட்டிலின் இரு பக்கமும் முட்டுகிற மாதிரி விரிந்து நின்றன. மாமி விரலை எடுத்த பிறகும் இறங்கவில்லை.

வாப்பா குனிந்து பாட்டிலைச் சுற்றிப் பார்த்தார்.

"மிஷின் ரிப்பேரா இருக்கும்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கே புரிந்தது. மாமியாராக வரவேண்டியவரை வீட்டுக்கு அழைத்து, சபை நடுவே நிறுத்தி, குற்றம் உங்களிடம்தான் என்று பாட்டிலை வைத்துக் காட்டியிருக்கிறேன். முற்றத்தில் ஷமீர் காரில் சாய்ந்து நிற்பது சன்னல் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவனைப் பார்க்கும் கடைசித் தடவை இதுதான் என்று நினைத்தேன்.

மைமூன் மாமிதான் காப்பாற்றினார். காப்பாற்ற நினைத்துச் செய்யவில்லை.

"அப்போ கரண்டு ஒனக்கா மைனி!" என்று சிரித்தார். சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

ஹபீபா மாமியின் முகம் முதலில் கறுத்தது. பிறகு என்ன தோன்றியதோ, இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார். "சிரிக்காண்டாம். நீ வந்து தொடு."

"நானா? எனக்கு என்ன பயம்?" மைமூன் மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு டைல்ஸ் வழியாக வந்து, டீப்பாயின் இந்தப் பக்கம் நின்று, கம்பியில் விரல் வைத்தார்.

விரிந்து நின்ற கீற்றுகள் இரண்டும் பொத்தென்று விழுந்தன. அவ்வளவு மின்சாரமும் அவர் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கிவிட்டது. அதை விளக்கிச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். உம்மா என் இடுப்பில் கிள்ளினார்.

"பாத்தியளா!" ஹபீபா மாமியின் குரல் முற்றம்வரை போனது. "இவளுக்கு ஒண்ணும் இல்ல. இருந்ததயும் கெடுத்துப் போட்டா. நான் கெட்டி வந்த நாள்ல இருந்து இதத்தான் சொல்லுதேன், எனக்க மாப்பிள்ள கேக்கல்ல!"

மைமூன் மாமி மறுபடி தொட்டார். அழுத்தித் தொட்டார். நெற்றியால்கூட ஒரு தடவை முட்டிப் பார்த்தார். தாள் அசையவில்லை. ஹபீபா மாமி சோபாவில் உட்கார்ந்து, எழுந்து, ஒரே விரலால் தொட்டார். விரிந்தது. இன்னொரு தடவை. விரிந்தது. முகம் பூரித்துவிட்டது. வாப்பாவைத் தொடச் சொன்னார். கைலியும் வெறுங்காலுமாக வாப்பா தொட, கீற்று விழுந்தது. உம்மா தொட்டாலும் அதே கதை.

"எனக்க மவனக் கூப்பிடுங்க!"

ஷமீர் உள்ளே வந்தான். என்னைப் பார்க்காதமாதிரி நன்றாகவே நடித்தான். சோபாவில் உட்காரவைத்து எழுப்பி, கம்பளத்தின் மேல் நின்றபடியே தொடச் சொன்னார்கள். கீற்றுகள் கொஞ்சம் விலகி, யோசித்து, அப்படியே நின்றன.

"பாதி" என்றார் ஹபீபா மாமி. "அது அவனுக்க வாப்பாக்க வகையறா."

உம்மா மெல்ல வாப்பாவின் காதில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "மருமவன் இருந்தாச்சு. இனி அந்த உறையக் கழத்தலாம்லா?" என்றார். வாப்பா அரைமனதோடு சோபா பக்கம் போனார்.

"தொடப்பிடாது!" என்று ஹபீபா மாமி கத்தியதில் வாப்பா இரண்டடி பின்வாங்கினார். "அது அப்படியே இருக்கட்டு. நான் வந்தா எனக்கு இருக்காண்டாமா?"

பிறகு மாமி பையைத் திறந்து வளையலை எடுத்தார். எடுத்துக்கொண்டு சோபாவில் ஒரு தடவை நன்றாக உட்கார்ந்து, பின்னுக்கும் முன்னுக்கும் அசைந்து, ஏற்றவேண்டியதை ஏற்றிக்கொண்டு எழுந்தார். ரப்பர் செருப்பு கம்பளத்தில் தேயத் தேய என்னை நோக்கி வந்தார். நான் டைல்ஸில் வெறுங்காலோடு நின்றேன். என் பக்கத்திலேயே சன்னல் கம்பி இருந்தது. அதை ஒரு தடவை மாமி தொட்டுவிட்டு வந்தால் போதும், எல்லாம் இறங்கிவிடும், ஒரு பொறியும் வராது. இது எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லவில்லை.

கையை நீட்டினேன்.

டப்!

அன்றைக்கு அடித்தவையெல்லாம் இதற்கு முன்னால் கொசுக்கடி. முழங்கைவரை சுண்டியது. நான் கையை இழுக்கவில்லை. மாமியும் இந்தத் தடவை துள்ளவில்லை. வளையல் விரல் முட்டுகளைத் தாண்டி மணிக்கட்டில் வந்து நின்றது.

"கைய இழுக்கல்ல, பாத்தியா மைனி? நமக்க கரண்டத் தாங்குவா" என்றார் ஹபீபா மாமி.

மைமூன் மாமி ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். ஷமீர் சுவரில் இருந்த காலண்டரை ரொம்ப அக்கறையாகப் படித்தான்.

ஹபீபா மாமி என் கையை விடவில்லை. தன் பெருவிரலால் என் விரல் நுனியைத் தடவிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வலிச்சுதா மக்ளே?" என்று கேட்டார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "கொஞ்சம், மாமி" என்றேன்.

"பழகிரும்" என்றார்.